முட்டை வாத்தியார் வாங்கிய மார்க்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் திருமுன்,

எட்டாம் எண் படுக்கையிலிருந்து போன வாரம் உயிரோடு வீடு திரும்பிய தங்கள் சம்பந்தி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மனைவியும், என் வயிற்றில் புதிதாகக் குடியேறியிருக்கும் ஐந்து தையல்களும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். நான் படுத்திருந்த நாளெல்லாம் மாப்பிள்ளை ஒரு வேளை தவறாமல் வந்து பார்த்துக்கொண்டார். தாங்கள் வளர்த்த வளர்ப்பு அப்படி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குக் கீழே நான் எழுதப்போவது தங்களுக்கு அவ்வளவு இனிப்பாக இருக்காது.

சென்ற மாதம் தாங்கள் அன்போடு எழுதிய கடிதத்தில், நம் பெண் ஆஸ்பத்திரியில் பார்க்கும் வேலையை விட்டுவிட்டால் தேவலை, ஊசி போடுகிற நர்ஸ் என்றாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம், இது படுக்கை படுக்கையாகப் போய் யார் வழுக்கி விழுந்தார், யாருக்கு மாத்திரை மாறிப்போனது, யாருக்குப் படுத்தே முதுகில் புண் வந்தது என்று நோட்டில் எழுதி மேலிடத்தில் கொடுக்கிற வேலையாமே, வீட்டில் கோள் சொல்லும் மருமகளைப் பார்த்திருக்கிறோம், சம்பளம் வாங்கிக்கொண்டு கோள் சொல்லும் மருமகளை இப்போதுதான் பார்க்கிறோம், பெற்ற தகப்பன் சொன்னால் கேட்பாள், நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். நானும் பெண்ணைக் கொடுத்தவன் என்கிற முறையில் “ஆகட்டும், சொல்லிவிடுகிறேன்” என்று இரண்டே வார்த்தையில் பதில் போட்டேன். அந்த இரண்டு வார்த்தையையும் இக்கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்குகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

தாங்கள் அறிந்ததுதான், நான் முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியார். தாங்கள் அறியாதது, பள்ளிக்கூடத்தில் எனக்கு வழங்கிய பெயர் முட்டை வாத்தியார். விடைத்தாளில் முட்டை போடுவதில் அந்த வட்டாரத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. வழி சரியாக இருந்து விடை தப்பானால் முட்டை, விடை சரியாக இருந்து வழி இல்லையென்றால் அதற்கும் முட்டை, இரண்டும் சரியாக இருந்தால் இவன் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருப்பானோ என்று பத்து நிமிஷம் யோசிப்பேன். அப்படிப்பட்டவனுக்குப் பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி ஆச்சரியமே படவில்லை. “மனசுலதான் இருக்குன்னு நினைச்சேன், பையிலயும் சேர்த்து வச்சிருக்கீங்களா” என்றாள். சரி, கல்லை எடுத்துவிடலாம் என்று மகள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சேரும்போதே அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், “நான் உன் அப்பான்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சிபாரிசு கூடாது, பரீட்சைப் பேப்பர்ல பேர் தெரியாம திருத்துற மாதிரி என்னையும் திருத்தட்டும்.” அவளும் சிரித்துக்கொண்டே சரி என்று அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு வார்டு என்று கிடையாது, எல்லா வார்டுக்கும் பொது. இந்தக் கௌரவத்தால் விளைந்ததுதான் மற்றதெல்லாம்.

எங்கள் வார்டில் இருபது படுக்கை. நான் எட்டு. ஒன்பதில் ஒரு லாரி ஓட்டுநர், நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு வந்தவர், எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர், ஆனால் வாய் மட்டும் பட்ட மேற்படிப்பு. சேர்ந்த அன்று காலையில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன நர்ஸ் வந்து என் மூச்சை எண்ணினாள், விரலில் ஒரு கவ்வியை மாட்டினாள், கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள், நாடி பிடித்தாள், கக்கத்தில் காய்ச்சல் குச்சியை வைத்தாள், கடைசியில் “ஐயா, இது எந்த இடம், இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டாள். இடம், கிழமை, தேதி, அது லீப் வருஷமா இல்லையா என்பது வரை சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எழுதி, அடியில் கோடு போட்டுக் கூட்டி, அட்டையைக் கால்மாட்டில் தொங்கவிட்டுப் போனாள். கூட்டல் என்றால் எனக்குக் கை சும்மா இருக்குமா? எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். மூச்சுக்கு முட்டை. நாடிக்கு முட்டை. காய்ச்சலுக்கு முட்டை. அவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னதற்கும் முட்டை. மொத்தம் முட்டை. எனக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் லாரிக்காரர் அட்டையைப் பார்த்தேன், நாலு.

சம்பந்தி, அந்த நேரத்தில் என் நிலைமையைத் தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நாலு வாங்கியவரைச் சுற்றி இரண்டு டாக்டர், மூன்று நர்ஸ், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை விசாரணை. முட்டை வாங்கிய என்னை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் வகுப்பு நடத்திய காலத்திலும் நன்றாகப் படிக்கிற பிள்ளையைத்தானே முன்வரிசையில் உட்காரவைத்துக் கவனித்தேன்? கண்ணாடிக்கார நர்ஸைக் கூப்பிட்டு, “மறுகூட்டலுக்கு மனு எப்படிப் போடணும்?” என்று கேட்டேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, “நல்லாத்தான் இருக்கு ஐயா, கவலைப்படாதீங்க” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள். தோற்ற பையனுக்கு நான் சொல்லுகிற அதே ஆறுதல். இரண்டு நாளில் லாரிக்காரர் நாலிலிருந்து இரண்டுக்கு இறங்கினார், படிக்கிற பிள்ளை இப்படிச் சறுக்கலாமா என்று மனசு கேட்காமல் அவரிடமும் சொன்னேன், “முயற்சியை விட்டுடாதீங்க, இன்னும் கொஞ்சம் கவனமா இருந்தா அஞ்சே வாங்கலாம்.” அவர், “நீங்க ஒருத்தராவது அக்கறையா சொல்றீங்களே வாத்தியாரே” என்று கும்பிட்டார். குருடனும் குருடனும் கைகோத்துக்கொண்டோம்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் தீர்மானித்துவிட்டேன், முட்டையோடு கத்திக்கு முன்னால் படுக்கமாட்டேன். நர்ஸ் வருகிற நேரம் எனக்கு மனப்பாடம். அதற்குக் கால் மணி முன்னால் எழுந்து கழிவறைத் தாழ்வாரத்தில் பதினெட்டு தடவை வேகநடை. பிறகு வந்து படுத்து, மனைவி கொண்டுவந்த வெந்நீர் பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிப் போர்வையை இழுத்துவிட்டேன். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்ததும் புஸ் புஸ் என்று மூச்சு விட ஆரம்பித்தேன். மூச்சு இருபத்தெட்டு, மூன்று மார்க். நாடி நூற்றுப் பதினெட்டு, இரண்டு. காய்ச்சல், பிளாஸ்க் நல்ல கம்பெனி போலிருக்கிறது, அதற்கு ஒரு இரண்டு. மொத்தம் ஏழு! நர்ஸின் முகம் வெளுத்ததைப் பார்த்து, ஆனந்த அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். அவள் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் எங்கள் வார்டின் பெயர் கேட்டது. தடதடவென்று ஆறு பேர் ஒரு தள்ளுவண்டியோடு ஓடி வந்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டு, தலையைக் கோதிவிட்டுக்கொண்டு, “வாங்க, வாங்க” என்றேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அதில் ஆக்ஸிஜன் மூடியை மாட்டிவிட்டார்கள். போட்ட பொத்தானை எல்லாம் ஒருத்தர் கழற்றினார், இன்னொருத்தர் மார்பில் ஒயர் ஒட்டினார். அந்த ஆறு பேரில் முதல் ஆளாக மூச்சிரைக்க ஓடி வந்தது யார் என்கிறீர்கள்? தங்கள் மருமகள். ஏழு என்று எங்கே விழுந்தாலும் ஓட வேண்டியது அவள் வேலை. எட்டாம் படுக்கை என்று காதில் விழுந்ததிலிருந்து அந்தப் பெண் என்ன பாடுபட்டிருப்பாள், மாடிப்படியில் செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூடப் பார்க்காமல் ஒற்றைச் செருப்போடு நின்றாள்.

போர்வையை விலக்கியதும் பிளாஸ்க் உருண்டு கீழே விழுந்தது.

“அப்பா, இது என்ன?”

“வெந்நீர்” என்றேன், மூடிக்குள்ளிருந்து.

“அது எதுக்குக் கக்கத்துல?”

உண்மையைச் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கூட வந்தவர்களைப் பார்த்து, “நீங்க போங்க, இவர் எங்கப்பா” என்றாள். இரகசியம் அதோடு போயிற்று. “அப்பா, இது பரீட்சை இல்ல. உடம்பு எங்கெங்க வழக்கத்தை விட்டு விலகுதுன்னு கணக்கு. விலகலைன்னா பூஜ்யம். விலக விலக மார்க் ஏறும். அஞ்சு வந்தா டாக்டரைக் கூப்பிடணும், ஏழு வந்தா ஓடணும். மனுஷன் திடீர்னு சாகுறதில்லப்பா, அதுக்குப் பல மணி நேரம் முன்னாலயே மூச்சும் நாடியும் சொல்லிடும். யாராவது கேட்டுக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்.” லாரிக்காரர் தம் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “அப்போ நான் ஃபெயிலாயிட்டுத்தான் வீட்டுக்குப் போகணுமா? சின்ன வயசுலேர்ந்து எனக்கு அது கைவந்த கலையாச்சே!” என்றார். வார்டே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள் மறுநாள்தான் வந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் தங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கமாட்டேன், வெட்கக்கேட்டை எவன் தபாலில் அனுப்புவான்? கல்லை எடுத்தார்கள், மூன்று கல், மூத்தது நெல்லிக்காய் அளவு. மறுநாள் முழுக்க முட்டை. எனக்கு வாழ்க்கையிலேயே முட்டையைப் பார்த்துப் பூரிப்பு வந்தது அன்றுதான். இரண்டாம் நாள் காலையில் வயிற்றின் வலப்பக்கம் ஒரு மாதிரி இழுத்துப் பிடித்தது. குளிர் எடுத்தது. மூச்சு மேல்மூச்சாக வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேளுங்கள். ஒன்று, இன்னும் ஒரு நாள் முட்டை வாங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொன்று, இன்னொரு தடவை என்னால் அந்தப் பெண் ஒற்றைச் செருப்போடு ஓடி வரக்கூடாது. போன தடவை அவளுக்கு எத்தனை பேர் முன்னால் தலைகுனிவு! ஆகவே இந்த வாத்தியார் என்ன செய்தார்? கைக்குட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கார நர்ஸ் பாவம், ஒளிவுமறைவு தெரியாத பெண், “ஐயா, மூச்சை எண்ணப்போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்ப்பாள். நிமிஷத்துக்குப் பதினாறு நல்ல கணக்கு என்று எனக்குத் தெரியும். அப்படியானால் ஒரு மூச்சுக்கு மூன்றே முக்கால் விநாடி. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முள் பிசகாமல் பதினாறு விட்டேன். நாடி மட்டும் என் சொல்பேச்சு கேட்கவில்லை, அதற்கு ஒரு மார்க் விழுந்தது. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐந்து தடவை எண்ணினாள், ஐந்து தடவையும் பதினாறு.

மத்தியானம் என் மனைவி ஈரக் கைக்குட்டையைப் பார்த்துவிட்டாள். “என்னங்க இது? முப்பத்து நாலு வருஷம் காப்பியடிச்ச பசங்களை வெளிய அனுப்பினீங்க, இப்ப நீங்களே காப்பியடிக்கிறீங்களா?” என்றாள். “சும்மா இரு, ஒரு நாள் பொறுத்துக்கோ, வீட்டுக்குப் போயிடலாம், நம்ம பொண்ணு மானத்தைக் காப்பாத்துறேன்” என்று வாயை அடைத்துவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் மகள் வந்தாள். வேலை முடிந்து சீருடையை மாற்றிக்கொண்டு, சாதாரணப் புடவையில், கையில் பையோடு, யாரோ உறவுக்காரரைப் பார்க்க வந்த மாதிரி. வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சம்பந்தி, அவள் என் கையைப் பிடித்துக் கூட்டத்தில் நடந்ததெல்லாம் ஏழு வயசோடு சரி. இதுதான் நல்ல சமயம், பெண் இளகியிருக்கிறாள், தங்களுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிடலாம் என்று ஆரம்பித்தேன். “ஏம்மா, நான் ஒண்ணு சொன்னா கேப்பியா? உங்க மாமா எழுதியிருக்கார். இந்த வேலையை விட்டுடேன். ஊர்ல எவன் தப்பு பண்றான்னு எழுதிக்கிட்டு, எல்லார் வாயிலயும் விழுந்துக்கிட்டு, நமக்கெதுக்கு? ஒரு பேர் உண்டா, புகழ் உண்டா? நாளைக்கே எழுதிக் கொடுத்துட்டு வந்துடு.” அவள் “ம்” என்றாள். தலையைக் குனிந்துகொண்டு, என் போர்வையையே பார்த்துக்கொண்டு, இன்னொரு தடவை “ம்” என்றாள். அவள் பிறந்ததிலிருந்து என் பேச்சை இவ்வளவு அடக்கமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெற்ற மனம் பித்து என்பார்கள், என் மனம் குளிர்ந்துபோய், கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு, மேற்கொண்டு இரண்டு பழமொழியும் சொன்னேன்.

அவள் நிமிர்ந்தாள். “இருபத்தாறு” என்றாள்.

“என்னம்மா இருபத்தாறு?”

“உங்க மூச்சுப்பா.”

சொல்லிக்கொண்டே கக்கத்தில் கையை விட்டுக் கைக்குட்டையை உருவி எடுத்து மேஜைமேல் போட்டாள். “காலைலேர்ந்து அட்டையில அஞ்சு தடவை பதினாறுன்னு இருக்கு. உயிரோட இருக்குற மனுஷனுக்கு அஞ்சு தடவையும் அச்சு அசலா பதினாறு வராதுப்பா. பதினஞ்சு வரும், பதினெட்டு வரும். அஞ்சு பேப்பர்ல ஒரே மாதிரி விடை இருந்தா என்ன அர்த்தம்னு நீங்கதானே வீட்ல உக்காந்து திருத்தும்போது சொல்லுவீங்க?” காப்பியடித்தவன் முகம் எப்படி இருக்கும் என்று தாங்கள் பார்த்ததில்லை, நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அது என் கழுத்துக்கு மேலேயே இருந்தது. மறுபடி எல்லாவற்றையும் அவளே எடுத்தாள். மூச்சுக்கு மூன்று, காய்ச்சலுக்கு ஒன்று, நாடிக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. இது கள்ள மார்க் இல்லை, நான் நிஜமாகச் சம்பாதித்தது. குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு ஃபோன் செய்தாள். அரை மணியில் வயிற்றைப் படம் எடுத்தார்கள். கல் எடுத்த இடத்தில் பித்தநீர் கசிந்து உள்ளே சீழ் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதே கொண்டுபோய்க் குழாய் வைத்து வடித்தார்கள், தீவிர சிகிச்சையில் மூன்று நாள் போட்டுவைத்தார்கள். பெரிய டாக்டர் என் மனைவியிடம், “காலையில பார்த்துக்கலாம்னு விட்டிருந்தா...” என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிவிட்டாராம். இவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்துபோனேன் சம்பந்தி. ஒளிக்க என்ன இருக்கிறது? அறுபத்தாறு வயசில் முதல் தடவையாக மரணபயம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன்.

தீவிர சிகிச்சையில் கண் விழித்தபோதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். “நேத்து நீ கையைப் பிடிச்சது பாசத்துலன்னு நினைச்சு ஏமாந்துட்டேன்மா” என்றேன். “நாடி பார்க்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு மூச்சை எண்ணணும்பா. எண்ணுறோம்னு தெரிஞ்சா எல்லாருக்கும் மூச்சு மாறும். உங்களை மாதிரி ஆளுங்களுக்கு ரொம்பவே மாறும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “பாசமும்தான். அதுக்குன்னு தனியா இன்னொரு கையா இருக்கு?” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலையை விடு, வேலையை விடு என்று நான் புலம்பிய அந்த ஒரு நிமிஷத்தில் அந்த வேலைதான் என் உயிரை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தையல் போட்ட இடம் வலிக்கிறது.

இனிமேல்தான் தாங்கள் கவனிக்க வேண்டிய இடம். வார்டுக்குத் திரும்பியதும் கண்ணாடிக்கார நர்ஸ் வந்து, தான்தான் ஏமாந்துவிட்டதாக விசும்பி விசும்பி அழுதாள். என் மகள் என்ன செய்யப்போகிறாள், அந்தப் பெண்ணைப் போட்டுக்கொடுக்கப் போகிறாளா என்று எனக்குப் பயம். தாங்கள் கோள் என்று சொன்ன அந்த அறிக்கையை மகளிடம் கெஞ்சி வாங்கிப் படித்தேன். சம்பந்தி, அதில் அந்த நர்ஸ் பெயரே இல்லை. என் பெயரும் இல்லை. ‘நோயாளிக்கு இந்த மதிப்பெண் என்னவென்று சேர்ந்த அன்றே யாரும் விளக்கவில்லை. மூச்சை எண்ணும் நேரம் நோயாளிக்குத் தெரியும்படி இருந்தது.’ இவ்வளவுதான் காரணம் என்று எழுதியிருந்தாள். “ஏம்மா, நோயாளியின் முட்டாள்தனம்னு ஒரு வரி சேர்த்துக்கோ, உண்மைதானே” என்றேன். “அதை எழுதி என்னப்பா பிரயோஜனம்? முட்டாள்தனத்தை என்னால சரி பண்ண முடியாது. விளக்காததைச் சரி பண்ணலாம்” என்றாள். முப்பத்து நாலு வருஷம் யார், யார், எவன் அவன் என்று பிரம்போடு கேட்டவன் நான். ஏன் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்கு வந்திருக்குமோ. கோள் சொல்கிறவன் யார் என்று சொல்வான். தங்கள் மருமகள் ஏன் என்று மட்டும்தான் சொல்கிறாள்.

இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போன வருஷம் ஒரு வார்டில் கழிவறை வாசலிலேயே ஒரே மாதத்தில் மூன்று பேர் விழுந்தார்களாம். வழுக்கும் தரை, வயசானவர்கள், பார்த்து நடக்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்களாம். இவள் போய் மூன்று பேரையும் உட்கார்த்தி வைத்துக் கேட்டிருக்கிறாள், விழுவதற்கு முன்னால் கை எங்கே இருந்தது என்று. மூன்று பேர் கையும் விளக்கு ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்விட்ச் கதவுக்குப் பின்னால். அதை இந்தப் பக்கம் மாற்றச் சொன்னாள். அப்புறம் அங்கே ஒருத்தரும் விழவில்லை. விழாதவருக்குத் தான் விழவில்லை என்பதே தெரியாது, பிறகு யாருக்கு நன்றி சொல்வார்? பேர் உண்டா, புகழ் உண்டா என்று நான் கேட்டேனே, இல்லைதான். அந்த வேலையின் இலட்சணமே அதுதான். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. முட்டை வாங்குவது. அதில் என் பெண் முதல் வகுப்பு, இதை நான் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பால்காரர் இப்போது அடுத்த தெரு வழியாகப் போகிறார்.

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் எல்லா நர்ஸும் நாடி பிடித்த கையை விடாமலே மூச்சை எண்ணுகிறார்கள். ஒவ்வொரு படுக்கைக்கு மேலும் ஓர் அட்டை தொங்குகிறது. “இது பரீட்சை அல்ல. பூஜ்யமே நல்லது. உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லவும்.” எளிய தமிழில் எழுதித் தரும்படி மகள் கேட்டாள், வாசகம் அடியேனுடையது. எல்லா வார்டிலும் என் எழுத்து. லாரிக்காரர் முட்டை வாங்கி வீட்டுக்குப் போகிற அன்று அதன் கீழ் நின்று படித்துப் பார்த்து, “வாத்தியாரே, உங்க அனுபவம் பேசுது” என்றார்.

ஆகையால் சம்பந்தி, அவளை வேலையை விடச் சொல்ல என் நாக்கு இனி எழாது. வேறு என்ன சொன்னாலும் கேட்கிறேன். தாங்கள் வருத்தப்பட்டால் நேரில் வந்து காலில் விழக்கூடத் தயார், குனியக்கூடாது என்று டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிந்ததும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். தங்கள் வீட்டில் பெரியவர் முதல் சிறியவர் வரை அனைவரும் மூச்சிலும் நாடியிலும் காய்ச்சலிலும் எந்நாளும் முட்டையே வாங்கி நீடூழி வாழ வேண்டுமென்று மனதார வாழ்த்தும்,

தங்கள் அன்புச் சம்பந்தி,
முட்டை வாத்தியார் (இனி இதை நானே போட்டுக்கொள்கிறேன்)

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்துக்கு மகள் வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். ஒரு கையில் கடிதம், ஒரு கையில் என் மணிக்கட்டு. பாதியில் சிரிக்க ஆரம்பித்தாள். “இதை அனுப்பாதீங்கப்பா, மாமா போன மாசமே சரின்னுட்டார்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் ‘ஆகட்டும்’ தங்கள் கைக்கு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே வந்திருந்தாளாம், “உங்கப்பா சொன்னாராம்மா?” என்று கேட்டுவிட்டுத் தாங்களே பக்கத்தில் உட்காரவைத்து வேலையை விடச் சொன்னீர்களாம், அவள் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து “ம்”, “ம்” என்றாளாம். நாடி நூற்று முப்பத்திரண்டு, அதுவும் தாளம் தப்பி. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய், பக்கவாதம் வராமல் தடுத்து, இப்போது தாங்கள் மாத்திரையில் இருக்கிறீர்களாம். திரும்பி வரும் வழியில், “வேலையை விட்டுடாதம்மா, ஆனா உங்கப்பாகிட்ட சொல்லாதே, ஆகட்டும்னு எழுதிட்டார், மனுஷன் சங்கடப்படுவார்” என்றீர்களாம். சம்பந்தி, தங்கள் பெருந்தன்மைக்கு முன்னால் இந்தப் பன்னிரண்டு பக்கமும் தண்டம். மூன்று நாள் உட்கார்ந்து எழுதியதால் அனுப்புகிறேன், படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு விஷயம். தங்களுக்கு நாடிக்கு மட்டும்தான் மார்க் விழுந்ததாம், மொத்தம் மூன்றாம். எனக்கு ஐந்து. பெருமைக்குச் சொல்லவில்லை, சும்மா தகவலுக்கு.